வளையம் இல்லையேல் எழுத்து இல்லை

வங்கிகளும் விமான நிறுவனங்களும் மருத்துவமனைகளும் நம்பியிருக்கும் கணினிக் கூடங்களில் இன்று அன்றாடம் புழங்கும் மெயின்ஃபிரேம், சர்வர், காப்பு நகல், ஸ்நாப்ஷாட், மாற்றவியலா நகல், சைபர் மீள்திறன் போன்ற சொற்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல. அவற்றில் பலவும் ஏதோ ஓர் இழப்பையோ அச்சத்தையோ தொட்டுப் பிறந்தவை. அகராதி வரிசையில் கற்பவருக்கு அவை தனித்தனி நுட்பங்களாகத் தோன்றும். பிறந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், புதியதை எழுதும்போது பழையது என்ன ஆகிறது என்ற ஒரே கேள்வியை அவை திரும்பத் திரும்பக் கேட்டுவந்திருப்பது தெரியும். காந்த நாடாவின் காலத்தில் பழையது தானாகவே தங்கியது. வட்டு வந்தபோது, வேகத்தின் பொருட்டு, அந்த இயல்பு கைவிடப்பட்டது. பின்வந்த அறுபது ஆண்டுகளின் உழைப்பில் கணிசமான பகுதி, கைவிட்டதை வேறு வழிகளில் திரும்பப் பெறுவதற்கே செலவாயிற்று.

ஒரே ஒரு பிரதியை மட்டும் வைத்திருப்பதன் ஆபத்து கணினிக்கு முந்தியது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹொலரித் வடிவமைத்த துளை அட்டைப் பொறிகள், ஏறத்தாழ 6.26 கோடி மக்களின் விவரங்களைத் தொகுக்கும் வேலையைப் பெரிதும் விரைவாக்கின. அவர் 1896இல் தொடங்கிய நிறுவனமே 1911இல் வேறு நிறுவனங்களுடன் இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்ற பெயரைப் பெற்றது. அட்டைகளின் துளைகள் கூட்டுத்தொகைகளைத் தந்தன; வீடுவீடாகச் சென்று எழுதிய பெயர்ப் பட்டியல்களோ தாளில்தான் இருந்தன. முந்தைய கணக்கெடுப்புகளில் அப்பட்டியல்களின் நகலை உள்ளூர் அலுவலகங்களில் வைக்கும் வழக்கம் இருந்தது. 1890இல் அது தொடரப்படவில்லை. 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் பற்றிய தீயில் ஏடுகளில் கால்பங்கு அழிந்தது. எஞ்சியதில் பாதி நீராலும் புகையாலும் கெட்டது. 1933 பிப்ரவரி 20 அன்று அதிபர் ஹூவர் அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு மறுநாள், மிச்சமிருந்த 1890 ஏடுகளை அழிப்பதற்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. இன்று தப்பியிருப்பவை 6,000 பேருக்குச் சற்று மேற்பட்டோரின் பெயர்களே. தீ அணைந்துவிட்டது, நகல் இல்லாத குறைதான் அந்தத் தலைமுறையின் பெயர்களை நிரந்தரமாக அழித்தது.

கணினியில் தரவைச் சேமிக்கும் தொழில் காந்த நாடாவோடு வளர்ந்தது. 1951இல் அதே அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறைக்கு வந்துசேர்ந்த யுனிவாக் கணினி, நிக்கல் பூசிய வெண்கல நாடாவைப் பயன்படுத்தியது. 1952இல் ஐ.பி.எம். அறிவித்த 726 என்ற நாடா இயக்கி, உலோகத்துக்குப் பதிலாக அரை அங்குல அகலமுள்ள பிளாஸ்டிக் நாடாவைக் கையாண்டது. விநாடிக்கு 75 அங்குல வேகத்தில் ஓடும் நாடா சடாரென நிற்கும்போதும் புறப்படும்போதும் அறுந்துவிடாமல் இருக்க, காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய குழாய்க்குள் நாடாவின் ஒரு பகுதி எப்போதும் தொங்கலாக விடப்பட்டது. ஓர் அங்குலத்தில் 100 எழுத்துகள் பதிந்தன. 80 எழுத்துகள் கொண்ட ஒரு முழுத் துளை அட்டை, இனி ஓர் அங்குலத்துக்கும் குறைவான நீளத்தில் அடங்கியது.

நாடாவில் இருக்கும் ஒரு பதிவை அதே இடத்தில் அழித்து எழுதுவது நடைமுறையில் இயலாத காரியம். ஆகவே கணக்கைப் புதுப்பிக்கும் முறையே வேறாக அமைந்தது. ஒரு வங்கியின் அனைத்துக் கணக்குகளும் வரிசையாக எழுதப்பட்ட தலைமை நாடா ஓர் இயக்கியிலும், அன்றைய வரவு செலவுகள் அதே வரிசையில் அடுக்கப்பட்ட பரிவர்த்தனை நாடா மற்றோர் இயக்கியிலும் ஏற்றப்படும். கணினி இரண்டையும் ஒருசேரப் படித்து, மாற்றங்களைச் சேர்த்து, மூன்றாவது இயக்கியில் உள்ள வெற்று நாடாவில் புதிய தலைமை நாடாவை எழுதும். ஓட்டம் முடிந்தபின் பழைய தலைமை நாடா கீறல்கூட இல்லாமல் அப்படியே இருக்கும். புதியது மகன், அதற்கு மூலமான பழையது தந்தை, அதற்கும் முந்தையது தாத்தா என்று கணினிக் கூடத்தார் உறவுமுறை வைத்தே அவற்றை அழைத்தார்கள். மகன் பழுதானால், தந்தையையும் அந்த நாளின் பரிவர்த்தனை நாடாவையும் மீண்டும் ஓட்டினால் மகன் மறுபடி கிடைப்பான். தந்தையும் பழுதானால் தாத்தாவிடமிருந்து தொடங்கலாம். அடுத்த தலைமுறை பிறந்து, அதற்கு மூன்று மூத்தவர்கள் சேர்ந்த பிறகே ஆக மூத்த நாடா மறுபயன்பாட்டுக்கு விடப்படும். காப்பு நகல் எடுப்பது என்ற தனி வேலையே இங்கு இல்லை. அன்றாட வேலையின் பக்கவிளைவாகவே காப்பு நகல் பிறந்தது.

அந்த மூத்த நாடாவின் மேல் யாரும் தவறுதலாக எழுதிவிடாமல் இருக்க ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. நாடாச் சுருளின் பின்புறம், மையத் துளையைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதில் வளையலைப் போன்ற ஒரு பிளாஸ்டிக் வளையத்தை அழுத்திப் பொருத்தலாம். சுருளை இயக்கியில் மாட்டும்போது அந்த வளையம் இயக்கியிலுள்ள ஒரு முளையை உள்ளே தள்ளினால்தான் எழுதும் பகுதி இயங்கும். வளையத்தைக் கழற்றிவிட்டால் முளை பள்ளத்துக்குள் நீண்டு நிற்கும். நாடாவைப் படிக்கலாம், எழுத முடியாது. வளையம் இல்லையேல் எழுத்து இல்லை என்பது நாடா ஏற்றுபவர்கள் முதல் நாளிலேயே கற்கும் விதி. எந்த நிரலும், எவ்வளவு அதிகாரம் படைத்தவரின் கட்டளையும் இந்தத் தடையைத் தாண்ட முடியாது. ஒரு மனிதக் கை வந்து வளையத்தைப் பொருத்தியாக வேண்டும். இவ்வளவு எளிமையும் இவ்வளவு உறுதியும் சேர்ந்த பாதுகாப்பு கணினி வரலாற்றில் அரிது.

நாடாக்களைக் கணினி இருக்கும் கட்டடத்திலேயே வைத்தால் 1921இன் தீ மறுபடி நேரலாம் என்பதால், தொலைவில் வைக்கும் வழக்கமும் உடன் வளர்ந்தது. நியூயார்க் மாநிலத்தில் கைவிடப்பட்டிருந்த ஓர் இரும்புச் சுரங்கத்தைக் காளான் வளர்ப்பதற்காக 1936இல் வாங்கிய ஹெர்மன் நாஸ்ட், 1951இல், அணுகுண்டு அச்சம் உச்சத்தில் இருந்த வேளையில், அதே சுரங்கத்தை ஆவணப் பெட்டகமாக்கி ஐயர்ன் மவுண்டன் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று வெளிக்காப்பு என்று சொல்லப்படும் நடைமுறையின் தொழில்வடிவம் அது.

நாடாவுக்கு ஒரு பெருங்குறை உண்டு. ஒரே ஒரு வாடிக்கையாளரின் இருப்பை அறிய வேண்டுமானாலும் சுருளைத் தொடக்கத்திலிருந்து ஓட்டியாக வேண்டும். இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு, கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் 1952இல் ஐ.பி.எம். தொடங்கிய சிறு ஆய்வகத்துக்கு வந்தது. அதை நடத்திய ரேனால்டு ஜான்சன் பள்ளி ஆசிரியராக இருந்து, தேர்வுத் தாள்களைத் திருத்தும் பொறியைக் கண்டுபிடித்து இத்துறைக்கு வந்தவர். 1956இல் வெளிவந்த ராமாக் கணினியின் வட்டு அலகில் 24 அங்குல விட்டமுள்ள 50 அலுமினிய வட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பட்டு நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல், கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். வட்டுகளின் மேல் பூசிய இரும்பு ஆக்சைடு வண்ணத்தைப் பட்டுக் காலுறையில் வடிகட்டி, காகிதக் குவளையால் சுழலும் வட்டின் நடுவில் ஊற்றினார்கள். சுழற்சியின் விசையில் அது ஓரம்வரை சீராகப் பரவியது. படிக்கும் தலை, அடுக்கின் எந்த வட்டுக்கும் மேலும் கீழும் நகர்ந்து சென்று, தேவையான பதிவைச் சராசரியாக 600 மில்லி விநாடியில் எட்டியது. வேண்டிய இடத்தை வேண்டிய வரிசையில் தொடும் இந்த இயல்புக்கே நேரடி அணுகல் என்று பெயர்.

விமானப் பயணச்சீட்டை உடனுக்குடன் பதிவு செய்வது முதல் இன்றைய பணப் பரிமாற்றம்வரை அனைத்தும் இந்த வட்டின் கொடை. ஆனால் இதே வட்டில்தான் பழைய இருப்பின் மேலேயே புதிய இருப்பு எழுதப்பட்டது. எழுதிய கணமே பழையது மறைந்தது. தந்தையும் தாத்தாவும் தாமாகப் பிறக்கும் முறை அத்தோடு முடிந்தது. காப்பு நகலை இனித் தனியாக, நினைவில் வைத்து, நேரம் ஒதுக்கி எடுக்க வேண்டும் என்றாயிற்று. மனிதர் மறக்கக்கூடிய எந்த வேலையும் மறக்கப்படும் என்பதால், பின்னாளைய இழப்புகள் பலவற்றின் விதை இங்கே விழுந்தது என்று சொல்லலாம்.

1964 ஏப்ரல் 7 அன்று ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 குடும்பம், இத்துறையின் சொல்வளத்துக்கு நிலையான வடிவம் தந்தது. மையச் செயலகத்தைத் தாங்கிய பிரதான அலமாரிக்கு வழங்கிய மெயின்ஃபிரேம் என்ற சொல் பெருங்கணினிக்கே பெயரானது. வெர்னர் புக்கோல்ஸ் 1956இல் புனைந்த பைட் என்ற சொல், 0 அல்லது 1 என்ற மதிப்புள்ள எட்டு பிட்களுக்கு உரியதாக நிலைத்தது. அக்குடும்பத்தின் நாடாவில் ஒன்பது தடங்கள் இருந்தன: எட்டுத் தடங்கள் பைட்டின் பிட்களுக்கு, ஒன்பதாவது பேரிட்டி என்ற சரிபார்ப்புக்கு. ஒன்பது தடங்களிலும் சேர்த்து ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக வருமாறு ஒன்பதாவது பிட் அமைக்கப்படும். படிக்கும்போது இரட்டைப்படை வந்தால் எங்கோ ஒரு பிட் பிறழ்ந்தது தெரியும்.

நின்றுபோகாத கணினி என்ற எதிர்பார்ப்பும் அக்காலத்தில்தான் எழுந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பயணப் பதிவுக்காக உருவான சேபர் அமைப்பு, நியூயார்க்குக்கு வடக்கே இரண்டு ஐ.பி.எம். 7090 கணினிகளை வைத்து, ஒன்று பணி செய்ய மற்றொன்று தயார்நிலையில் காத்திருக்குமாறு அமைக்கப்பட்டது. 1978இல் பிலடெல்பியாவில், பின்னாளில் சன்கார்டு என்று அறியப்பட்ட நிறுவனம், பேரிடரில் கணினியை இழந்த வாடிக்கையாளர் வந்து வேலையைத் தொடர்வதற்கான மாற்றுக் கூடத்தை வாடகைக்கு வழங்கத் தொடங்கியது. சூடான தளம் என்ற பொருள்படும் ஹாட் சைட் என்ற பெயர் அதற்கு வழங்கியது. இவ்வணிகம் வளர்ந்தபோது இரண்டு அளவைகள் நிலைபெற்றன: பேரிடர் நேர்ந்தால் எவ்வளவு நேரத்துக்கு முந்தைய தரவுவரை இழக்கலாம் என்பது மீட்புப் புள்ளி இலக்கு; எவ்வளவு நேரத்துக்குள் பணி திரும்ப வேண்டும் என்பது மீட்பு நேர இலக்கு. முதலாவது நகல் எடுக்கும் இடைவெளியைத் தீர்மானிக்கிறது, இரண்டாவது செலவைத் தீர்மானிக்கிறது.

நாடாவின் ஒன்பதாவது தடத்தில் இருந்த கருத்து 1988இல் புதிய உருவில் வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர், விலையுயர்ந்த ஒரு பெருவட்டுக்குப் பதிலாக மலிவான சிறுவட்டுகளின் வரிசையைப் பயன்படுத்தலாம் என்று வாதிட்டு, அதற்கு ரெய்டு என்று பெயரிட்டனர். வட்டுகளின் எண்ணிக்கை கூடினால் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். அதைத் தாங்கவே பேரிட்டி. மூன்று வட்டுகளில் 1, 0, 1 என்று பிட்கள் இருந்தால், ஒன்றுகளின் மொத்தம் இரட்டைப்படையாக வருமாறு நான்காம் வட்டில் 0 எழுதப்படும். இரண்டாம் வட்டு எரிந்துபோனால், மிஞ்சியவை 1, 1, 0. ஒன்றுகள் ஏற்கெனவே இரட்டைப்படையாக இருப்பதால் தொலைந்தது 0 என்பது உறுதி. நாடாவில் பிழையைக் காட்ட மட்டுமே உதவிய பேரிட்டி, எந்த வட்டு போயிற்று என்பது தெரிந்திருக்கும் காரணத்தால், இங்கே இழந்ததையே திருப்பித் தந்தது.

ஆயினும் ரெய்டும், அதன் உறவினரான பிரதிபலிப்பு முறையும் காப்பு நகல் ஆகா. பிரதிபலிப்பு என்பது ஒரு வட்டில் எழுதுவதை அதே கணத்தில் மற்றொரு வட்டிலும், வேண்டுமானால் வேறொரு நகரத்திலும் எழுதுவது. சரியானதை எவ்வளவு விசுவாசமாக நகலெடுக்குமோ அவ்வளவு விசுவாசமாகத் தவறையும் அது நகலெடுக்கும். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலின் மென்பொருள் பிழை ஒன்று சிறு பங்கினரின் அஞ்சல்களை மறையச் செய்தபோது, பல தரவு மையங்களில் இருந்த பிரதிகளும் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. இணைப்பில் இல்லாத காந்த நாடாக்களிலிருந்துதான் கூகுள் அவற்றை மீட்டது.

வட்டுக்குள்ளேயே நாடாவின் இயல்பை மீட்டெடுத்த முதல் பெருமுயற்சி தரவுத்தள ஆய்வில் நிகழ்ந்தது. எந்த மாற்றத்தையும் உரிய இடத்தில் எழுதுவதற்கு முன், என்ன மாறப்போகிறது என்பதைப் பதிவேட்டின் கடைசியில் சேர்த்து எழுதிவிட வேண்டும் என்பது முன்பதிவு விதி. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது, அது நீண்டுகொண்டே போகும். மின்சாரம் நின்று கணினி பாதியில் விழுந்தாலும், எழுந்தவுடன் பதிவேட்டைப் படித்து, முடிந்தவற்றை நிலைநாட்டி, முடியாதவற்றை விலக்கிவிடலாம். இதற்கு முழுமையான முறையியலைத் தந்த ஏரீஸ் என்ற ஆய்வு 1992இல் வெளியானது. அதன் முதன்மை ஆசிரியர் சி. மோகன், தமிழகத்தில் பிறந்து, 1973இல் ஐ.பி.எம். 370/155 என்ற பெருங்கணினி நிறுவப்பட்ட சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் பயின்று, பின்னர் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றியவர். ஏரீஸின் மையக் கருத்துகளில் ஒன்று, விழுந்த கணம்வரை நடந்த அனைத்தையும், தோற்றுப்போன பரிவர்த்தனைகளையும் விடாமல், முதலில் அப்படியே மறுபடி நடத்துவது. வரலாற்றை மீண்டும் நிகழ்த்துதல் என்றே அதற்குப் பெயர். பழுதான மகனைப் பெறத் தந்தையையும் பரிவர்த்தனை நாடாவையும் மறுபடி ஓட்டிய பழைய கூடத்தின் வேலைக்கு இது மிக நெருங்கியது. உலகத்தின் தரவுத்தளங்கள் பலவற்றுக்கு அடிப்படையாக அமைந்த இப்பணி, தமிழ்நாட்டுப் பொதுவாசகரிடையே இன்னும் உரிய அளவு அறியப்படாதது வருந்தத்தக்கது.

அடுத்த முயற்சி கோப்பு முறையில் வந்தது. சிறு கணினிகள் வலையமைப்பால் இணைந்து, அவற்றுக்குக் கோப்பும் அச்சும் பிறவும் வழங்கும் பொதுக் கணினி சர்வர் எனப்பட்ட காலத்தில், 1992இல் தொடங்கிய நெட்ஆப் நிறுவனம் ஒரு கோப்பு சர்வரை உருவாக்கியது. அதில் மாறிய பகுதி பழைய இடத்தில் எழுதப்படாமல் காலியான வேறோர் இடத்தில் எழுதப்பட்டது. ஆகவே பழைய பகுதிகளைச் சுட்டும் ஒரு பட்டியலை வைத்திருந்தாலே, அந்தக் கணத்தின் முழுக் கோப்பகமும் கையில் இருக்கும். அதுவே ஸ்நாப்ஷாட்.

இதுவரை சொன்னவை தீ, பழுது, மறதி ஆகியவற்றுக்கு எதிரானவை. திட்டமிட்டு அழிப்பவரை அவை கருதவில்லை. 1988 நவம்பரில் வலையமைப்பில் தானே பரவும் நிரலான மோரிஸ் புழு ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கிய பிறகே, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசர உதவிக் குழு ஒன்று அமைந்தது. 1989 டிசம்பரில், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி அஞ்சலில் அனுப்பப்பட்ட ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள், கணினி 90 முறை தொடங்கப்பட்ட பின் கோப்புப் பெயர்களைக் குழப்பிவிட்டு, பனாமாவிலுள்ள அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லின. பணயம் கேட்கும் தீநிரலின் தொடக்கம் அது. பூட்டவும் திறக்கவும் வெவ்வேறு சாவிகள் கொண்ட மறையாக்கத்தை இத்தகைய நிரல் பயன்படுத்தினால், திறக்கும் சாவி தாக்கியவரிடம் மட்டுமே இருக்கும் என்று ஆதம் யங், மோதி யுங் இருவரும் 1996இலேயே எச்சரித்தனர்.

2017 ஜூன் 27 அன்று உக்ரைனின் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் வழியே புறப்பட்ட நாட்பெட்யா என்ற தீநிரல், அந்த எச்சரிக்கையையும் மிஞ்சியது. பணயம் கேட்பதுபோல் தோன்றினாலும் அது அழிப்பதற்கென்றே அமைந்திருந்தது. டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க், யார் யாருக்கு எதில் நுழைய உரிமை என்ற பட்டியலைத் தாங்கும் டொமைன் கட்டுப்பாட்டு சர்வர்களை உலகெங்கும் சுமார் 150 வைத்திருந்தது. அவை ஒன்றையொன்று பார்த்துத் தம்மைப் புதுப்பித்துக்கொள்வதால், ஒன்று போனால் மற்றொன்று உதவும் என்பது ஏற்பாடு. தாக்குதலில் அனைத்தும் ஒருசேர அழிந்தன, ஒன்றைத் தவிர. கானா நாட்டு அலுவலகத்தில் அந்நேரம் மின்தடை ஏற்பட்டிருந்ததால், அங்கிருந்த சர்வர் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தப்பியது. அதன் வட்டு நைஜீரியா வழியாகக் கைமாறி இங்கிலாந்துக்கு வந்துசேர்ந்த பிறகே மீட்பு சாத்தியமாயிற்று. பத்து நாட்களில் 4,000 சர்வர்களும் 45,000 கணினிகளும் புதிதாக நிறுவப்பட்டன. 150 பிரதிகள் செய்ய முடியாததைத் துண்டிப்பு என்ற ஒன்று செய்தது.

சைபர் மீள்திறன் என்ற சொல்லின் இன்றைய எடை இத்தகைய நிகழ்வுகளிலிருந்து வந்தது. அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2019இல் வெளியிட்ட ஆவணம், தீங்கை எதிர்பார்த்தல், தாங்குதல், மீளுதல், அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளுதல் என்ற நான்கையும் அதன் இலக்கணமாகக் கொள்கிறது. தாக்குதல் வராமல் தடுப்பதோடு பாதுகாப்பு முடிந்துவிடும் என்ற பழைய நம்பிக்கை இதில் இல்லை. வலையமைப்போடு எவ்வகைத் தொடர்பும் இல்லாமல் நகலைத் தனித்து வைப்பது காற்றிடைவெளி. குறித்த காலம் முடியும்வரை நிர்வாகியின் கட்டளைக்குக்கூடத் திருத்தவோ அழிக்கவோ இடம் தராதது மாற்றவியலா நகல். பங்குத் தரகர்களின் ஆவணங்களுக்காக அமெரிக்காவில் 1997இல் விதியாக வந்த இக்கருத்து, 2018இல் அமேசானின் மேகச் சேமிப்பிலும் ஒரு வசதியாக இடம்பெற்றது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வெளியூரில் என்ற 3-2-1 விதியை, புகைப்படக் கலைஞர்களுக்கு எழுதிய நூலில் பீட்டர் க்ரோ 2005இல் பரப்பினார். அவ்விதி இன்று வங்கிகளுக்கும் சொல்லப்படுகிறது.

மென்பொருளால் விதிக்கப்படும் பூட்டை மென்பொருளின் பிழையே திறந்துவிடக்கூடும் என்பதால், பெருநிறுவனங்கள் பலவும் நாடாவைக் கைவிடவில்லை. எல்.டி.ஓ. என்ற நாடா வகையில் 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறைப் பேழை ஒன்றில் 1,035 மீட்டர் நாடா சுற்றப்பட்டிருக்கிறது. கொள்ளளவு 18 டெராபைட். நாடாவின் அகலம் 1952இல் இருந்த அதே அரை அங்குலம். பேழையின் விளிம்பில், விரல் நகத்தால் தள்ளக்கூடிய ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கிறது. அதைப் பூட்டும் பக்கம் நகர்த்திவிட்டால் இயக்கி அந்த நாடாவைப் படிக்கும், எழுதாது.